வரைபடத்தில் வளைகுடாவைக் கண்டறிவது எப்படி? நீரோடியிலிருந்து தொடங்கும் ஓர் எளிய பயிற்சி

கொல்லங்கோடு, நீரோடி, பொழியூர்ப் பகுதியில் வளைகுடா என்றவுடன் வேலைக்குச் செல்லும் நாடுகளே நினைவுக்கு வரும். உண்மையில் அது ஒரு நிலவடிவம். கடல் நிலத்துக்குள் வெகுதூரம் புகுந்து, மூன்று பக்கம் கரை சூழ, ஒரு பக்கம் மட்டும் பெருங்கடலை நோக்கித் திறந்திருக்கும் பெரிய நீர்ப்பரப்பே வளைகுடா. ஒரு நிலப்படமும் பென்சிலும் கவராயமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கரையைத் தொடர்ந்து செல்லுங்கள்

கேரள எல்லையை ஒட்டிய நீரோடியிலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம் வழியாகக் கன்னியாகுமரி வரை விரலை நகர்த்தினால், கரை பெரிய வளைவுகளின்றி ஓடுவதைக் காணலாம். ஒதுங்க இடமில்லாத இக்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் நேராக வந்து மோதுவதால்தான், ஊர்தோறும் பாறாங்கற்களைக் கொட்டி, அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவுகள் அமைக்க வேண்டியிருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறும் மணக்குடியில் பழையாறும் கடலில் சேரும் இடங்களை வளைகுடா என்று எண்ணிவிட வேண்டாம், அவை பொழிமுகங்கள்.

கன்னியாகுமரியைக் கடந்து வடகிழக்கே திரும்பினால் படம் மாறுகிறது. ஒருபுறம் திருச்செந்தூர், தூத்துக்குடி, மறுபுறம் இலங்கை, வடக்கே ராமர் பாலத்தின் மணல்திட்டுகள். இதுவே மன்னார் வளைகுடா.

படி 2: அரைவட்டம் வரையுங்கள்

கடலை நோக்கித் திறந்திருக்கும் வாயின் இரு முனைகளையும் ஒரு கோட்டால் இணைத்து, அதை விட்டமாகக் கொண்டு அரைவட்டம் வரையுங்கள். உள்ளே இருக்கும் நீர்ப்பரப்பு அந்த அரைவட்டத்தைவிடச் சிறியதாக இருந்தால், அது கரையின் சாதாரண வளைவுதான். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கடல் உட்புகுந்த இடங்களை அளக்க வகுத்த முறை இது. கட்ச் வளைகுடா இதில் எளிதில் தேறும். ஆனால் பெயர்கள் வழக்கத்தால் அமைந்தவை என்பதால், வாய் அகன்ற மன்னார் போன்றவற்றுக்கு இந்த அளவுகோலைக் கறாராகப் பொருத்தக் கூடாது.

படி 3: ஆழத்தைப் பார்த்துக் காரணத்தை அறியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், ஏனெனில் கடலின் ஆழமே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. பாரசீக வளைகுடாவின் ஆழம் பெரும்பாலும் 90 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்ததால், அது அப்போது வறண்ட தாழ்நிலமாக இருந்தது. பனி உருகியபோது கடல் புகுந்தது. அக்காபா வளைகுடாவோ மிகக் குறுகலானது. ஆயினும் 1,800 மீட்டருக்கும் மேல் ஆழமுடையது. புவித்தட்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பிளவில் அது உருவானது. கலிஃபோர்னியா வளைகுடாவும் ஏடன் வளைகுடாவும் தட்டுகள் விலகியதால் பிறந்தவை.

படி 4: ஓத அட்டவணையை ஒப்பிடுங்கள்

உள்ளே செல்லச் செல்லக் குறுகி ஆழமும் குறையும் வளைகுடாவில், ஏற்றத்தின்போது புகும் நீர் பரவ இடமின்றி உயர்கிறது. நம் கரையில் ஓத வேறுபாடு, அதாவது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு, சுமார் 1 மீட்டருக்குள் அடங்கிவிட, குஜராத்தில் காம்பே வளைகுடாவின் பவநகரில் அது 10 மீட்டரை எட்டுகிறது. வற்றத்தின்போது கப்பல்கள் தரைதட்டாதிருக்க, அத்துறைமுகத்தில் நீரைத் தேக்கிவைக்கும் மடைக்கதவு அமைத்திருக்கிறார்கள்.