பாராசிட்டமாலால் ரத்தத்தில் அமிலம் தேங்கும்போது: வார்டில் கண்டறிவது எப்படி?

காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் தயக்கமின்றி எழுதிக்கொடுக்கும் பாராசிட்டமால், உரிய அளவைத் தாண்டாமல் கொடுத்தாலும், சில நோயாளிகளின் ரத்தத்தில் அமிலத்தைத் தேக்கிவிடக்கூடும். இது அரிதாகவே நிகழ்கிறது. ஆனால் நிகழும்போது, தொற்றின் விளைவு என்றோ சிறுநீரகக் கோளாறு என்றோ கேஸ் ஷீட்டில் குறித்துவிட்டு, காரணமான மருந்தையே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாம் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்போம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. வார்டில் பணிபுரியும் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் இதை எப்படி அணுகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்வோம். பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. அதை முறியடிப்பது, உடலே உருவாக்கிக்கொள்ளும் குளுட்டாதயோன் என்னும் காப்புப்பொருள். பல நாள் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் கடுமையான தொற்றால் நலிந்தவர்களுக்கும் அதன் இருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். போதிய அளவு இருக்கும்வரை, குளுட்டாதயோன் தன்னை உருவாக்கும் பாதையின் முதல் நொதிக்குத் தானே கடிவாளமாக இருக்கிறது. அது தீர்ந்துபோனால் கடிவாளம் தளர்ந்து, பாதையின் இடைப்பொருள் பெருகி, 5-ஆக்ஸோபுரோலின் எனப்படும் பைரோகுளுட்டாமிக் அமிலமாக மாறித் தேங்குகிறது. இந்த அமிலத்தைச் சிதைக்கும் நொதியை ஃப்ளுக்ளாக்சசிலின் என்னும் ஆன்டிபயாடிக்கும், வலிப்பு நோய்க்கான விகாபாட்ரினும் தடுக்கக்கூடியவை. ஆகவே, உடல் மெலிந்த, சிறுநீரகம் தளர்ந்த ஒரு முதிய பெண்மணி, நீடித்த தொற்றுக்கு ஃப்ளுக்ளாக்சசிலினும் வலிக்குப் பாராசிட்டமாலும் வாரக்கணக்கில் பெற்றுவந்தால், அவரைக் குறித்து நாம் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும்.

படுக்கையருகே கிடைக்கும் முதல் தடயம் பெரும்பாலும் மூச்சுதான். நோயாளி ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவார். ஆனால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் நுரையீரல் தெளிவாக இருக்கும், விரலில் மாட்டிய கருவியும் ஆக்சிஜன் சரியாக இருப்பதாகவே காட்டும். நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று குழம்பிப் பேசலாம், குமட்டுகிறது என்று சொல்லலாம். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே போதாது.

ரத்த வாயுப் பரிசோதனையில் பி.எச். 7.35-க்குக் கீழும், அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 22-க்குக் கீழும் இருந்தால், வழக்கமான பரிசோதனையில் அளக்கப்படாத அமிலங்கள் தேங்கியிருப்பதைக் காட்டும் அனயான் இடைவெளியை அடுத்துக் கணக்கிட வேண்டும். சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது அது. வழக்கமாக 8 முதல் 12 வரை இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: சோடியம் 136, குளோரைடு 108, பைகார்பனேட் 14 என்றால் இடைவெளி 14. சற்றுத்தான் கூடியிருக்கிறது என்று பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். ஆனால் அதே நோயாளியின் ரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் டெசிலிட்டருக்கு 2 கிராம்தான் என்றால், 4-லிருந்து குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 2.5 கூட்ட வேண்டும்; அப்போது உண்மையான இடைவெளி 19. இந்த நோய் தாக்கும் நோயாளிகளில் பலர் ஊட்டமற்றவர்கள் என்பதால், ஆல்புமின் திருத்தத்தை விட்டால் நோயையே விட்டுவிடுவோம்.

இடைவெளி கூடியிருந்தால் லாக்டேட், கீட்டோன், யூரியா, கிரியேட்டினின் ஆகியவற்றைப் பாருங்கள். மெத்தனால், எத்திலீன் கிளைக்கால், ஆஸ்பிரின் போன்றவை உட்சென்றிருக்க வாய்ப்புண்டா என்றும் விசாரியுங்கள். இவை எவையும் இல்லை என்றாலோ, இருந்தும் இடைவெளியை முழுதாக விளக்கவில்லை என்றாலோ, மருந்து அட்டவணையை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ஊசியாக ஒரு வரியில், மாத்திரையாக இன்னொரு வரியில், டிராமடால் என்னும் வலிமருந்து கலந்த கூட்டு மாத்திரையாக மூன்றாவது வரியில் என்று பாராசிட்டமால் வெவ்வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். எழுதியதை அல்ல, உண்மையில் கொடுத்ததைக் கூட்டுங்கள். எத்தனை நாளாக என்பதையும் குறியுங்கள். ரத்தத்தில் பாராசிட்டமால் அளவு சாதாரணமாக இருப்பதோ, கல்லீரல் நொதிகள் உயராமல் இருப்பதோ இந்த நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

சிறுநீரில் கரிம அமிலங்களை அளந்து 5-ஆக்ஸோபுரோலின் மிகுந்திருப்பதைக் காண்பதே உறுதிப்படுத்தும் வழி. சிறப்பு ஆய்வகம் தேவைப்படும் பரிசோதனை இது. முடிவு வர நாட்களாகலாம். மாதிரியை அனுப்பிவிட்டு, காத்திராமல் பாராசிட்டமாலை நிறுத்துவதே சரி என்று கருதுகிறேன். நிறுத்துவதால் இழப்பு சிறிது, தொடர்வதால் வரும் ஆபத்து பெரிது. ஆனால் ஃப்ளுக்ளாக்சசிலினைத் தன்னிச்சையாக நிறுத்தாமல், தொற்றுநோய் வல்லுநரைக் கேட்டு மாற்று மருந்துக்குச் செல்ல வேண்டும்.

குளுட்டாதயோனை மீட்க என்-அசிட்டைல்சிஸ்டீன் கொடுப்பது உண்டு. இதற்கான ஆதாரம் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் அனுபவக் குறிப்புகளிலிருந்தே வருகிறது என்பதால் மூத்த மருத்துவர் முடிவெடுக்கட்டும். உணவூட்டத்தையும் தொற்றுக்கான சிகிச்சையையும் அதே நாளில் முடுக்கிவிட வேண்டும். அமிலம் மிகக் கடுமையானால் பைகார்பனேட்டும் டயாலிசிஸும் தேவைப்படலாம். பொட்டாசியத்தை அடிக்கடி அளந்துகொண்டே இருங்கள்.

வலிக்கு மாற்று மருந்து தேடும்போது, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஐபுபுரூஃபன் வகையைக் கொடுத்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இந்த நிகழ்வைத் தெளிவாக எழுதி, எந்தெந்த மாத்திரைகளில் பாராசிட்டமால் இருக்கிறது என்று உடனிருப்பவரிடம் பெயர் சொல்லி விளக்கிய பிறகே அனுப்புங்கள்.