கதாபாத்திரத்துக்கு உங்கள் குணம் ஒன்று போதும்

உங்கள் குணத்தைக் கதாபாத்திரத்துக்குக் கொடுப்பதென்றால் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஒன்றே ஒன்று போதும். அதையும் உங்களைப் போல இல்லாத ஆளிடம் கொடுங்கள். பணம் கேட்கக் கூச்சப்படுபவரா நீங்கள்? சரி, அந்தக் கூச்சத்தை ஒரு வட்டிக்கடைக்காரருக்கு வையுங்கள். வசூலுக்குப் போன வீட்டில் காபி குடித்துவிட்டு, பாக்கியைப் பற்றி வாயே திறக்காமல் திரும்புவார். கதை அங்கேயே கிளம்பிவிடும்.

துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டிக்குத் தன் துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோவை எழுதி எழுதிச் சலித்துப்போனது. அந்தச் சலிப்பை அரியாட்னி ஆலிவர் என்ற எழுத்தாளர் பாத்திரத்திடம் தள்ளிவிட்டார். தான் படைத்த ஃபின்லாந்துத் துப்பறிவாளர் மீது ஆலிவருக்கு அப்படியொரு எரிச்சல்! ஆலிவரின் ஆப்பிள் ஆசைகூட கிறிஸ்டியுடையதுதான்.

அப்புறம், நல்ல குணங்களைவிட வெளியே சொல்லத் தயங்கும் பொறாமை, கஞ்சத்தனம் மாதிரியான அற்பங்கள்தான் நன்றாக வேலை செய்யும். படித்தவர்கள் "இது நீதானே?" என்று கேட்டால் பாத்திரத்தின் வயதையும் தொழிலையும் மாற்றிப் பாருங்கள்.