கிராம சபைக்கும் கிராம சபைக்கும் நடுவில்

2017 மே 1-ம் தேதி என் முதல் கிராம சபைக்குத் தனியாகப் போனேன். 2016 அக்டோபரிலேயே ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேர்தல் நடக்கவில்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான் பொறுப்பில் இருந்தார். மேல்நிலைத் தொட்டி மோட்டாரை ஒரே வருடத்தில் எத்தனை முறை பழுது பார்த்தீர்கள், எவ்வளவு செலவு என்று கேட்டேன். "உட்காரும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து தையல் மெஷினைத் திறக்கக்கூட மனம் வரவில்லை.

இன்று கிராம சபையில் சேர்ந்து கேள்வி கேட்கும் எங்கள் குழுவில் பதினோரு பேர். கிராம சபை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு அடுத்த கூட்டம் வரைக்கும் உள்ள நாட்களில்தான் மனிதர்கள் சோர்ந்து விலகுகிறார்கள். அந்த நாட்களை எப்படிக் கடத்துவது என்று எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆள் சேர்க்கும்போது ஜனநாயகம், உரிமை என்று ஆரம்பிக்காதீர்கள். அவருடைய குறை என்ன என்று கேளுங்கள். தெருவிளக்கு எரியாதவரிடம் தெருவிளக்கைப் பற்றிப் பேசுங்கள், நூறு நாள் வேலைக்குச் சம்பளம் வராதவரிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். முதலில் நான்கு பேர் போதும். நாங்கள் அந்த ஆகஸ்ட் 15-ல் நான்கு பேராகத்தான் போனோம்.

கூட்டத்தில் ஒருவர் கேள்வி கேட்கட்டும். இன்னொருவர் அவருக்குப் பக்கத்திலேயே உட்காரட்டும், இவருக்கு வேறு வேலையே வேண்டாம். மூன்றாமவர் எழுதிக்கொள்ளட்டும். நான்காமவர் தீர்மானம் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்க்கட்டும். தீர்மானம் எழுதி வாசித்த பிறகுதான் கையெழுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் போடாதீர்கள். யாராவது "உட்கார்" என்றால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்க வேண்டும். நான்கு பேர் வரிசையாக எழுந்து மோட்டார் கணக்கைக் கேட்ட அன்றுதான் எங்களுக்குப் பதில் கிடைத்தது. என் கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த பெரியம்மா பிடித்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். தனியாக நடந்து போகும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் "இதெல்லாம் வீண்" என்ற நினைப்பு வரும். யாராவது ஒருவர் வீட்டில் சுண்டலும் டீயும் முன்பே சொல்லி வையுங்கள். அன்றைக்கு யார் எங்கே தப்பு செய்தார் என்ற பேச்சே கூடாது, அது மறுநாளுக்கு. அன்றைக்கு ஆளுக்கு ஒரு விஷயம், நடந்ததில் நல்லதாகப் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும்.

இதில் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்தோம். முதல் வருடம் முழுக்க எங்கள் தெருவிலேயே கூடினோம். காலனியிலிருந்து வந்தவர்கள் கூட்டத்துக்கு வந்தார்கள், சாப்பிட மட்டும் உள்ளே வரவில்லை. எங்களுக்கு அது உறைக்கவே பல மாதங்கள் ஆயின. இரண்டாம் வருடம் காலனியில் கூடினோம், அங்கே சமைத்ததை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் தெருவில் இரண்டு பேர் அதற்காகவே விலகினார்கள். வருத்தம்தான், ஆனாலும் அந்த முடிவை மாற்றவில்லை. ஒரே தெருவுக்குள் சுற்றும் குழுவால் ஊருக்காகப் பேச முடியாது.

காத்திருப்புதான் ஆளை அதிகமாகத் தேய்க்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் 30 நாள் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. இவ்வளவு நாளையும் ஒருவரே எண்ணிக்கொண்டிருந்தால் நொந்துபோவார். அதனால் மனு எழுதுவது ஒருவர், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி ஒட்டித் தபாலில் அனுப்புவது ஒருவர், காலண்டரில் தேதி குறிப்பது இன்னொருவர். பதில் யார் பெயருக்கு வந்தாலும் உறையை எல்லோர் முன்னாலும்தான் பிரிப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று பதினோரு பேருக்கும் தெரிந்துவிட்டால் யாரையும் தனியாகப் பிடித்து மிரட்டுவது கடினம்.

இந்தச் சட்டமே அப்படிக் கூடி உட்கார்ந்தவர்களால் வந்தது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பின் ஏழை விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 1996-ல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, பாட்டு இருந்தது, பொம்மலாட்டம் இருந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதுதான் கோஷம். நாடு முழுமைக்குமான சட்டம் வர 2005 ஆனது. ஒன்பது வருடம்! எங்கள் குழுவில் யாராவது "எட்டு மாதமாகப் பதிலே இல்லை" என்று துவளும்போது இந்தக் கதையைச் சொல்வேன்.

ஒரு நோட்டு வையுங்கள். அதில் கிடைத்ததை மட்டும் எழுதுங்கள், தேதியோடு. "தீர்மானத்தை வாசித்துக் காட்டினார்கள்", "மேலத்தெருவில் மூன்று விளக்கு எரிகிறது", இப்படிச் சின்னச் சின்ன வரிகள் போதும். மனம் விட்டுப்போகும் மாதத்தில் அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஓய்வு. எங்கள் அக்கா ஒருவர் கணவருக்கு உடம்பு முடியாமல் எட்டு மாதம் வரவில்லை. "ஏன் வரவில்லை" என்று யாரும் கேட்கக்கூடாது என்று முடிவு செய்தோம். கூடும் நாளில் அவர் பங்குச் சுண்டலை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம், அவ்வளவுதான். ஒன்பதாவது மாதம் அவரே எழுதுகோலோடு வந்தார்.

கட்சி விஷயத்தில் கறாராக இருங்கள். எங்களில் மூன்று கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். குழு யாருக்கும் ஓட்டு கேட்காது, திண்ணையில் கட்சிப் பேச்சு கிடையாது.

2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். இடையில் தேர்தல் நடந்து வந்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில் முடிந்து மறுபடியும் தனி அலுவலர் வந்தார். முதல் கூட்டத்துக்கு முந்தின இரவு திண்ணையில் ஒன்பது பேர் இருந்தோம். தேர்தல் எப்போது என்ற கேள்வியை யார் முதலில் கேட்பது என்று பேச்சு வந்தது. பெரியம்மா கை தூக்கினார். பக்கத்தில் உட்காருவது என் முறை.