வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால்: எதைப் படிப்பது, யாரைக் கேட்பது

பயாப்சி (கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் கூகுளையும் யூடியூபையும் திறக்காதீர்கள். சொந்தத்திலோ தெருவிலோ யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால் இப்போதெல்லாம் எனக்குத்தான் போன் வருகிறது. எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 2018-ல் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு சிகிச்சை) என்று எல்லாவற்றுக்கும் கூடவே போனவள். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் சேர்த்துக்கொண்டதையும் எழுதுகிறேன்.

ரிப்போர்ட் ஏன் முதலில்? கேன்சர் என்பது ஒரே நோய் இல்லை. மார்பகப் புற்றுநோயிலேயே பல வகை உண்டு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆபரேஷனும் மாத்திரையுமே போதுமானதாக இருந்திருக்கலாம். ஆபீஸ் நண்பரின் மனைவிக்கு கீமோவும் வருஷம் முழுக்க ஊசியும் தேவைப்பட்டிருக்கலாம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், ஆனால் அவரவர் நோய்க்கு மட்டும். உங்கள் நோயாளியின் வகைக்கும் நிலைக்கும் பொருந்தாத தகவல் எவ்வளவு சரியானதாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது, பயத்தை மட்டும் கூட்டும்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை: கட்டி எந்த உறுப்பில் ஆரம்பித்தது, என்ன வகை, கிரேடு என்ன. ஸ்டேஜ் பெரும்பாலும் பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்காது. ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகு டாக்டர்தான் சொல்வார். கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. செல்கள் மைக்ராஸ்கோப்பில் எந்த அளவுக்கு மாறிப்போய்த் தெரிகின்றன என்பது கிரேடு. நோய் உடம்பில் எதுவரை போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். ரிப்போர்ட்டில் கிரேடு 3 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு மூன்றாவது ஸ்டேஜ் என்று நினைத்து அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டி சின்னதாக, நெறிகூடக் கட்டாத நிலையில் இருந்தாலும் கிரேடு 3 என்று வரலாம்.

மார்பகப் புற்றுநோய் என்றால், பயாப்சி சதைக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் ஐ.எச்.சி. பரிசோதனையின் இன்னொரு தாள் வரும். அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரி. முதல் இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை. அவை பாசிட்டிவ் என்றால், மற்ற சிகிச்சைகள் முடிந்த பிறகு பல வருஷங்களுக்கு மாத்திரை இருக்கும். ஹெர்-2 என்பது செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதம், அந்த வரியைக் கவனமாகப் பாருங்கள். 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். அம்மாவின் ரிப்போர்ட்டில் 2+ என்று இருந்தது. அப்படியென்றால் முடிவு சொல்ல முடியவில்லை என்று அர்த்தம், ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும். பாசிட்டிவ் என்று வந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வருஷம் வரை போடுவார்கள், சிகிச்சையின் திட்டமும் செலவும் மாறிவிடும். அதனால் 2+ என்று பார்த்தால் "ஃபிஷ் டெஸ்டுக்கு அனுப்பியாச்சா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். வேறு உறுப்பு என்றால் டெஸ்டின் பெயர்கள் மாறும், கேள்வி ஒன்றுதான்: சிகிச்சையை முடிவு செய்வதற்கு இன்னும் எந்த ரிப்போர்ட் வர வேண்டியிருக்கிறது?

அடுத்தது ஃபைல். ஆடிட்டர் ஆபீஸ் பழக்கம் எனக்கு இதில்தான் கைகொடுத்தது. எல்லாத் தாளும் தேதி வரிசையில் இருக்கட்டும். மேலே ஒரே ஒரு பக்கம்: நோயின் பெயர், ஸ்டேஜ், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் மாத்திரைகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கீமோ போட்ட தேதிகள், ராத்திரி கூப்பிட வேண்டிய ஆஸ்பத்திரி நம்பர். ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் படங்கள் உள்ள சிடியையும் வாங்குங்கள். பயாப்சி எடுத்த சதையை மெழுகில் பதித்து பிளாக் என்று லேபில் பாதுகாத்து வைத்திருப்பார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் அந்த பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்பார்கள். எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியாமல் மறுபடியும் பயாப்சிக்கு ஊசி குத்திக்கொள்ளும் நிலை வருகிறது.

டாக்டரிடம் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் சித்தப்பா ஒன்று கேட்க, மாமா இன்னொன்று கேட்க, கடைசியில் முக்கியமானது விட்டுப்போகும். பேசுவதற்கு ஒருவர், எழுதிக்கொள்வதற்கு ஒருவர் போதும். கேள்விகளை முந்தின நாள் ராத்திரியே நோட்டில் எழுதிவிடுங்கள். நான் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் கேள்விகள் இவை. இந்த சிகிச்சை நோயைக் குணமாக்கவா, கட்டுப்பாட்டில் வைக்கவா? ஆபரேஷன் முதலிலா, கீமோ முதலிலா, ஏன் அப்படி? என்ன பக்கவிளைவு வந்தால் உடனே ஓடி வர வேண்டும்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? குழந்தை பெற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவர் என்றால், கருமுட்டையையோ விந்தணுவையோ பாதுகாத்து வைப்பது பற்றி கீமோ ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு போய்விடலாம்.

பக்கவிளைவில் ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கீமோ வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் வரும் கிருமித்தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும், கிளம்புவதற்கு ஒரு பை தயாராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை நடுராத்திரியில் ஆட்டோவைக் கூப்பிட்டுக் கிளம்பினோம். அன்று தாமதிக்காமல் வந்தது நல்லது என்று டியூட்டி டாக்டரே சொன்னார்.

இன்னொரு டாக்டரிடம் கேட்டால் இவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படாதீர்கள். இரண்டாவது கருத்து கேட்பது இந்தத் துறையில் சாதாரணம். எங்கே கேட்பது? 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்த அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் இருக்கும் அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. என்று நம் பக்கத்திலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையை மையமாக வைத்து 2012-ல் தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தினார்கள். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று அவர்கள் தயாரித்த வழிகாட்டுதல்கள் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. ஒரு கருத்து, தேவைப்பட்டால் இன்னொன்று, அதோடு முடிவெடுங்கள். ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே மாதங்களைக் கழித்துவிடக் கூடாது.

அப்புறம் இணையம். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒருவரை வீட்டில் இதற்கென்று வையுங்கள், காலேஜ் படிக்கும் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம், அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி, பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யு.கே. மூன்றும் நோயாளிகளுக்கென்றே எளிமையாக எழுதி வைத்திருக்கின்றன. அங்கே இருக்கும் மருந்து எல்லாம் இங்கே கிடைக்கும் என்றோ, கட்டுப்படியாகும் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயையும் டெஸ்ட்டையும் பக்கவிளைவையும் புரிந்துகொள்ள அவை போதும். "ஐந்து வருஷம் உயிரோடு இருப்பவர்கள் இத்தனை சதவீதம்" என்று வரும் கணக்கு பல வருஷத்துக்கு முன் சிகிச்சை பெற்ற ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. உங்கள் அப்பாவுக்கோ மனைவிக்கோ என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. நோயாளி கேட்காதவரை அந்த எண்ணை அவரிடம் வாசிக்காதீர்கள்.

வேறு எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் நான் தேடுவது: எழுதியவர் யார், எப்போது எழுதியது, எந்த வகை, எந்த ஸ்டேஜ் என்று பிரித்துச் சொல்கிறதா, கடைசியில் ஏதாவது விற்கிறார்களா. எல்லாக் கேன்சரையும் ஒரே மருந்தில் குணமாக்குவதாகச் சொன்னால் அங்கேயே மூடிவிடலாம்.

முள்ளு சீத்தா பற்றி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், கீமோவைவிடப் பல்லாயிரம் மடங்கு சக்தி என்று. ஆய்வகத் தட்டில் செல்களைக் கொல்வது வேறு, மனிதர் உடம்பில் நோயைக் குணமாக்குவது வேறு. மனிதர்களிடம் அது புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. மாறாக, கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து எடுத்தவர்களிடையே பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாட்டு மருந்து எதையாவது எடுக்க ஆசைப்பட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், பெயரோடு சொல்லுங்கள். கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது ஈரல்தான். ஏற்கெனவே வேலை அதிகமாக இருக்கும் ஈரலில் இன்னொரு சுமை ஏறினால் கீமோவையே நிறுத்த வேண்டி வரலாம். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சும் ஊர் முழுக்க இருக்கிறது. அதைக் கேட்டு பயாப்சியைத் தள்ளிப்போட்டு, நோய் முற்றிய பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. என்ன வகை என்று தெரியாமல் சரியான சிகிச்சை கொடுக்க முடியாது. சந்தேகம் இருந்தால் உறவினரைக் கேட்காமல் ஆபரேஷன் செய்யும் டாக்டரையே கேளுங்கள்.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, புற்றுநோய் சிகிச்சைகளும் அதில் அடங்கும். வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் என்றால் 1800 425 3993, கட்டணமில்லா எண். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் இந்த சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா, எது கையிலிருந்து கட்ட வேண்டி வரும் என்று கேட்டுவிடுங்கள். மருந்து வாங்கும்போது ஒரே மருந்து கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். டாக்டரிடமே விலை குறைந்த பிராண்ட் இருக்கிறதா என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ரயிலில் சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணத்தில் முழுச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வேயின் படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கி ரிசர்வேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். மாதாமாதம் சென்னை போய் வரும் குடும்பத்துக்கு இது சின்ன உதவி இல்லை.

மனசுக்கான உதவியைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அம்மாவுக்கு அக்குளில் நெறிக்கட்டியை எடுத்த பிறகு கை மேலே தூக்க வரவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததைப் பயத்தில் செய்யாமலே இருந்தார். வார்டில் இருந்த திருவாரூர் அக்கா ஒருவர்தான் அம்மாவைச் சுவர்ப் பக்கம் நிற்க வைத்து, விரல்களைப் படிப்படியாக மேலே நகர்த்தச் சொல்லி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் சமையலறைச் சுவரில் அந்தக் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. நான் எவ்வளவு சொல்லியும் நடக்காதது, அதே ஆபரேஷன் ஆன ஒருவர் சொன்னதும் நடந்தது. அதனால் டாக்டரிடமோ மருத்துவ சமூகப் பணியாளரிடமோ, "இதே நோயிலிருந்து மீண்ட யாராவது பேசுவார்களா?" என்று கேளுங்கள். பேச அவர்களும் ஆசைப்படுவார்கள். ஆனால் மருந்து பற்றிய முடிவுக்கு அவர்கள் பேச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

அடையாறு போன்ற இடங்களில் மனநல ஆலோசனைக்கென்றே தனித் துறை இருக்கிறது. ராத்திரியில் தூக்கம் வராமல் தவிப்பவர்கள் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். நோயாளிக்கு மட்டுமில்லை, பார்த்துக்கொள்பவர்களுக்கும்தான்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று டாக்டரின் கையைப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஆஸ்பத்திரி வாசலில் போர்டே இருக்கிறது, அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் பேச முடியாமல் இருப்பது இன்னும் கஷ்டம். எங்கள் அம்மாவிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எப்போ போகணும்?" என்று கேட்டார்.

வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. சிகிச்சை நடக்கும்போதே வலி, வாந்தி, மலச்சிக்கல், மூச்சுத்திணறலுக்கு அவர்களால் நிறையச் செய்ய முடியும். டாக்டர் சொல்லும் அளவில் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடக்க முடியாதவர் என்றால், தமிழக அரசு 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வசதி இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அடுத்த செக்கப் தேதி, இன்னொரு பக்க மார்பகத்துக்கு வருஷாவருஷம் மேமோகிராம் எல்லாம் அதில்தான் ஏற வேண்டும். குடும்பத்தில் இளவயதிலேயே மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தால், மகள்களும் தங்கைகளும் மரபணுப் பரிசோதனை தேவையா என்று அதே டாக்டரிடம் கேட்க வேண்டும். நானும் என் தங்கையும் அம்மாவின் செக்கப் நாளிலேயே கேட்டுவிட்டோம்.