இயற்கை வளம் படிக்கும் மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் சூழல், உயிரியல், இயற்கை வளம் என்று படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கிடைத்திருப்பது சாதாரண இடம் அல்ல. வாவி, கண்டல் (உவர்நீர்க் கரையில் வளரும் மரங்கள்), குளம், வயல், யானைக் காடு, கடல் என எல்லாமே பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அப்படியிருந்தும் இறுதியாண்டு ஆய்வுகள் பல மெலிந்து போகின்றன. பிள்ளைகளின் கெட்டித்தனத்தில் குறை இல்லை. திட்டமிடும்போதே சில பிழைகள் நுழைந்துவிடுகின்றன.

முதல் பிழை, ஒரே பருவத்தில் தரவு எடுப்பது. மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் வாவி கடலோடு சேரும் ஆற்றுவாயை மணல் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஆவியாகும், உவர்த்தன்மை கூடும். மாரி தொடங்கினால் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்து ஆறுகளும் வயல் வடிகால்களும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். ஆற்றுவாய் தானாக உடையும், அல்லது வெட்டிவிடுவார்கள். அதன் பிறகு நீரின் தன்மையும் மாறும், வலையில் படும் மீனும் மாறும். ஆவணியில் மட்டும் போத்தலில் தண்ணீர் பிடித்து வந்து ‘வாவியின் நீர்த்தரம்’ என்று தலைப்பு வைத்தால், அது அந்த ஆவணி மாதத்தின் நீர்த்தரம், அவ்வளவுதான். பல்கலைக்கழகத் தவணை வேறு, வாவியின் தவணை வேறு. ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே மேற்பார்வையாளரிடம் பேசித் தொடங்குங்கள். பத்து இடத்தில் ஒருமுறை அளப்பதைவிட மூன்று இடத்தில் மாதாமாதம் அளப்பது எவ்வளவோ மேல் என்பேன். மாதிரி எடுத்த நாளில் ஆற்றுவாய் திறந்திருந்ததா, முந்திய வாரம் மழை பெய்ததா, வயலில் பெரும்போகமா சிறுபோகமா என்பதையும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எண்களை விளக்கவே முடியாது.

அடுத்தது, மரம் நட்டால் பாதுகாப்பு முடிந்தது என்ற எண்ணம். இது எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் விடயம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டார்கள். அப்படி நட்ட 23 இடங்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2017 இல் வெளிவந்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டெயர் வரை நட்டதில் ஏறத்தாழ 200 ஹெக்டெயர்தான் தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நிலத்தின் ஏற்ற இறக்கம், நீர் வந்து போகும் அளவு, உவர்த்தன்மை எதையும் பாராமல், சேகரிக்க எளிதான நீண்ட முளைக்காய்களை (மரத்திலேயே முளைவிட்ட காய்களை)க் கொண்டுபோய்க் குத்திவிட்டார்கள். பிறகு கவனிக்க ஆளும் இல்லை. ஓர் இடத்தில் கண்டல் இல்லையென்றால், ஏன் இல்லை என்பதுதான் முதற் கேள்வி. நீரோட்டம் அடைபட்டிருந்தால் அதைத் திறந்துவிட்டாலே போதும், பல இடங்களில் விதை தானாக வந்து ஒதுங்கி முளைக்கும். உங்கள் கழகம் கன்று நடப் போகிறதென்றால் இந்தக் கேள்வியை எழுப்புங்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்காக நடாதீர்கள்.

மக்களிடம் கேள்விக்கொத்தோடு போவதிலும் பிழை நடக்கிறது. யானையால் பயிர் இழந்த விவசாயியிடம் ‘யானைகள் பாதுகாக்கப்பட வேண்டுமா? ஆம் / இல்லை’ என்று கேட்டால், வீடு தேடி வந்த பிள்ளை மனம் நோகக் கூடாதென்று ‘ஓம்’ என்பார். அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை. எந்த மாதம் வந்தது, கதிர் வந்த பிறகா, எந்தப் பக்கத்தால் இறங்கியது, மின்வேலி எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். மின்வேலி சில இடங்களில் இரண்டு திணைக்களங்களின் காணி எல்லையில் போடப்பட்டிருக்கும். வேலியின் இரு பக்கமும் யானை நிற்கும். அதை மேசையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, வயற்காவல் பரணில் இரவு கழித்தவர் சொல்வார்.

காடு எல்லாம் ஒரே காடு என்று நினைப்பதும் சிக்கலில் மாட்டிவிடும். லகுகலையும் குமனையும் தேசியப் பூங்காக்கள், வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருபவை. ஒதுக்குக் காடுகள் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். கல்லோயாப் பூங்கா 1954 இல் உருவானதே சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தின் நீரேந்துப் பகுதியைக் காப்பதற்காகத்தான். ஆகவே அங்கே விலங்கைப் பற்றி மட்டும் எழுதி நீரை விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும். அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பிடுங்கி வராதீர்கள்.

புள்ளிவிபரவியல் ஆசிரியரிடம் தரவு எடுத்து முடித்த பிறகு போகாமல் அதற்கு முன்பே போங்கள். வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற கணினி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, முதலாம் ஆண்டு விடுமுறையிலேயே பழகிவிடலாம்.

அப்புறம், ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலகத்துக்குப் போய்விடுகிறது. தோணியில் ஏற்றிக்கொண்டு போன மீனவரும் வரம்பில் கூட்டிப் போன விவசாயியும் அதை வாசிக்கப் போவதில்லை. கண்டதை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி மீனவர் சங்கத்திலும் கமக்கார அமைப்பிலும் கொண்டுபோய்க் கொடுங்கள், நேரில் வாசித்தும் காட்டுங்கள். ‘இது பிழை, அந்த வருடம் வெள்ளம் பிந்தி வந்தது’ என்று யாராவது சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இறுதிப் பிரதி கொடுக்குமுன் இதைச் செய்தால் திருத்த நேரம் இருக்கும்.