ஆர்ச் பொதிக் களஞ்சியத்துக்கு கிட் ஹூக்: கொமிட்டிலிருந்து பில்ட் வரை

ஆர்ச் லினக்ஸுக்குப் பொதி கட்டுபவர்களிடம் அடிக்கடி வரும் பிழை ஒன்று உண்டு. பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் பிகேஜிபில்ட் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றிவிட்டு, அதன் விவரச் சுருக்கமான எஸ்ஆர்சிஇன்ஃபோ கோப்பைப் புதுப்பிக்க மறந்துவிடுவார்கள். அந்தக் கோப்பே இல்லாவிட்டால், பயனர்கள் பொதிகளைப் பகிரும் ஏயுஆர் சேர்வர் நீங்கள் அனுப்பும் மாற்றங்களை, அதாவது புஷ்ஷை, ஏற்காது. ஆனால் பழைய கோப்பு இருந்தால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டு, பழைய பதிப்பையே காட்டும். திருநெல்வேலியில் ஒருவர், சாவகச்சேரியில் ஒருவர், கோண்டாவிலில் ஒருவர் என்று மூன்று பேர் ஒரு தமிழ் எழுத்துருப் பொதியைப் பராமரிக்கும்போது இந்த மறதி கட்டாயம் வரும். அதை ஹூக்கிடம் விட்டுவிடுங்கள். மாற்றங்களைப் பதிந்து (கொமிட்) வைக்கும் கிட் கருவி, கொமிட், புஷ் போன்ற வேளைகளில் தானே ஓட்டும் சிறு நிரல்தான் ஹூக்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மேற்சொன்ன இரண்டு கோப்புப் பெயர்களும் பெரிய எழுத்தில் வரும். இரண்டாவதற்கு முன்னால் ஒரு புள்ளியும் உண்டு.

முதற்படி: ஹூக்குக்கு ஓர் இடம்

டொட் கிட் கோப்புறைக்குள் இருக்கும் ஹூக்ஸ், குளோன் செய்யும்போது மற்றவருக்குப் போகாது. ஆகவே உங்கள் சொந்த சேர்வரில் உள்ள களஞ்சியத்துக்குள்ளேயே ‘கிட்ஹூக்ஸ்’ என்றொரு கோப்புறையை உருவாக்கி, அதையும் கொமிட் செய்யுங்கள். ஏயுஆருக்கு அனுப்பும் களஞ்சியத்தில் இதைச் சேர்க்காதீர்கள், இப்படியான உட்கோப்புறையை அது ஏற்காது. பிறகு ‘கிட் கன்ஃபிக்’ மூலம் ‘கோர் டொட் ஹூக்ஸ்பாத்’ அமைப்பை அந்தக் கோப்புறைக்குத் திருப்புங்கள். இது 2016இல் வந்த கிட் 2.9 முதல் இருக்கிறது. குளோன் செய்யும் ஒவ்வொருவரும் தம் கணினியில் இதை ஒருமுறை செய்தாக வேண்டும்.

இரண்டாம் படி: ப்ரீ-கொமிட்

கோப்பின் பெயர் ‘ப்ரீ-கொமிட்’ மட்டுந்தான். பின்னொட்டு எதுவும் வரக்கூடாது. முதல் வரியில் பாஷ் எங்கே என்று சொல்லுங்கள். அடுத்து, கொமிட்டுக்குச் சேர்த்த கோப்புகளின் பட்டியலை ‘கிட் டிஃப்’ கட்டளையின் ‘காஷ்ட்’, ‘நேம்-ஒன்லி’ தெரிவுகளால் எடுங்கள். அதில் பிகேஜிபில்ட் இருந்தால், பொதி கட்டும் கருவியான ‘மேக்பிகேஜி’யை ‘பிரின்ட்எஸ்ஆர்சிஇன்ஃபோ’ தெரிவோடு ஓட்டி, வெளியீட்டைக் கோப்பில் எழுதி, ‘கிட் ஆட்’ செய்யுங்கள். கடைசியாகக் கோப்புக்கு ‘சிஎச்மோட்’ மூலம் இயக்க அனுமதி கொடுங்கள். அனுமதி இல்லாத ஹூக்கை கிட் ஓட்டாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேக்பிகேஜி வாசிப்பது வட்டில் உள்ள கோப்பை. கொமிட்டுக்குச் சேர்த்ததை அல்ல. பிகேஜிபில்டில் பாதி மாற்றத்தை மட்டும் சேர்த்துக் கொமிட் செய்தால் இரண்டு கோப்புகளும் ஒத்துவராது. முழுக் கோப்பையும் சேர்ப்பதே பாதுகாப்பு. விண்டோஸில் எழுதிய கோப்பு என்றால் வரி முடிவில் ஒட்டியிருக்கும் குறியால் ‘பேட் இன்டர்பிரிட்டர்’ என்ற பிழை வரும். வரி முடிவுகளை லினக்ஸ் முறைக்கு மாற்றுங்கள்.

மூன்றாம் படி: சேர்வரில் காவல்

‘நோ-வெரிஃபை’ போட்டால் ப்ரீ-கொமிட்டை யாரும் தாண்டிவிடலாம். உண்மையான காவல், புஷ்ஷை ஏற்கும் முன் உங்கள் சொந்த சேர்வரில் ஓடும் ப்ரீ-ரிசீவ் ஹூக்தான். பழைய கொமிட் எண், புதிய கொமிட் எண், கிளையின் பெயர் என்ற மூன்றும் கிளைக்கு ஒரு வரியாக அதற்கு வரும். புதிய எண் முழுவதும் பூச்சியம் என்றால் கிளை அழிக்கப்படுகிறது. அந்த வரியை விட்டுவிடுங்கள். மற்றவற்றில் இரண்டு கோப்புகளையும் ‘கிட் ஷோ’ மூலம் எடுத்து, பதிப்பு வரிகளில் உள்ள மதிப்புகளை எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் எக்ஸிட் 1 கொடுங்கள். புஷ் முழுவதும் நிராகரிக்கப்படும். இங்கே மேக்பிகேஜியை ஓட்டவே வேண்டாம். பிகேஜிபில்ட் என்பது பாஷ் நிரல். அதை வாசிக்க ஓட்டினாலே, அனுப்பியவர் எழுதியது எல்லாம் உங்கள் சேர்வரில் ஓடும்.

நான்காம் படி: பில்ட் வரிசை

புஷ்ஷை ஏற்ற பின் ஓடும் போஸ்ட்-ரிசீவ் ஹூக்குக்குள் பில்டை, அதாவது பொதி கட்டுவதை, ஓட்டுவது புதியவர்கள் விடும் பெரிய பிழை. அது முடியும்வரை புஷ் செய்தவரின் திரை காத்திருக்கும். அதற்குப் பதிலாக, வரிசைக் கோப்புறை ஒன்றில் கொமிட் எண்ணின் பெயரில் வெறுங்கோப்பு ஒன்றை வைத்துவிட்டு ஹூக் முடியட்டும். குறித்த இடைவெளியில் வேலையை ஓட்டும் சிஸ்டம்டி டைமர் ஒன்று அதைப் பார்த்து, தனிப் பயனரின் கீழ் பில்ட் செய்யட்டும். மேக்பிகேஜி ரூட் பயனரில் ஓட மறுக்கும். பில்ட் முடிந்து, பொதியைக் களஞ்சியப் பட்டியலில் சேர்க்கும் ‘ரெப்போ-ஆட்’ கட்டளை வெற்றி பெற்ற பின்னரே வரிசைக் கோப்பை அழியுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் கோப்பு அங்கேயே இருக்கும். சேர்வர் எழுந்ததும் அதே பில்ட் மறுபடி தொடங்கும்.

போஸ்ட்-ரிசீவிலிருந்து வேறு கோப்புறைக்குப் போய் கிட் கட்டளை கொடுத்தால் ‘நொட் எ கிட் ரெப்போசிட்டரி’ என்று வரலாம். ஹூக் ஓடும்போது ‘கிட் டிர்’ (பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோடு) என்ற சூழல் மாறியில் புள்ளி ஒன்று இருப்பதே காரணம். அந்த மாறியை முதலில் ‘அன்செட்’ செய்யுங்கள்.