முகத்துக்கு லேசரா, எல்.இ.டி. மாஸ்க்கா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

"லேசர் வைத்தால் முகம் சரியாகுமா?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எது சரியாக வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும். மங்கு, பருத்தடம், மரு, தாடை முடி ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. கிளினிக் வரவேற்பில் எல்லாவற்றுக்கும் ஒரே பேக்கேஜை நீட்டினால் அங்கேயே சந்தேகப்படலாம்.

காலை வெளிச்சத்தில், முகம் கழுவித் துடைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து நின்று கண்ணாடி பிடியுங்கள். இரண்டு கன்னத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பழுப்பாகப் படர்ந்து, மேலுதட்டிலும் நெற்றியிலும் தொட்டிருந்தால் அது பெரும்பாலும் மங்கு. பரு இருந்த இடத்தில் மட்டும் கறுப்பாக இருந்தால் பருத்தடம். புதுப் பரு வராமல் நிறுத்தி, கிள்ளாமல் விட்டு, சன்ஸ்கிரீன் போட்டால் சில மாதங்களில் தானே வெளுக்கும். அதற்கு லேசர் தண்டச் செலவு. விரலால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் அது தழும்பு. அதற்கு ஃபிராக்‌ஷனல் லேசர் (தோலில் நுண்ணிய புள்ளிகளாகச் சுடுவது) உதவும்தான். ஆனால் நம் நிறத்தில் அந்தச் சூடே கறுப்பு பூசிவிடலாம் என்பதால், ஊசி உருளை வைத்துச் செய்யும் மைக்ரோநீட்லிங்கை முதலில் கேட்டுப் பாருங்கள்.

கன்னத்தில் மிளகு சிதறினாற்போலச் சின்னக் கறுப்பு மேடுகள், அம்மாவுக்கும் அதே இடத்தில் உண்டு என்றால் அவை ஒருவகை மரு. தோல் மருத்துவர் மின்சூட்டால் ஓரிரு தடவையில் எடுத்துவிடுவார். நெற்றிப்பொட்டோரமும் பின்கழுத்தும் தடித்து வெல்வெட் போலக் கறுத்திருந்தால் முகத்துக்குச் செலவழிக்காதீர்கள். சர்க்கரை பாருங்கள், எடையைப் பாருங்கள். உடம்பில் இன்சுலின் சரியாக எடுபடாததன் அடையாளம் அது. எந்த மெஷினும் அதைத் தீர்க்காது. மச்சம் ஒன்று வளர்கிறது, நிறம் மாறுகிறது, ரத்தம் கசிகிறது என்றால் அதன்மேல் லேசர் படவே கூடாது. என்ன நோய் என்று பார்க்க வேண்டிய திசுவையே அது எரித்துவிடும்.

நம் நிறத்தில் ஒளி செய்யும் வேலை

1983-ல் தோல் ஆய்வாளர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் எழுதிய கொள்கைதான் முடியையும் நிறத்தையும் குறிவைக்கும் மெஷின்களுக்கெல்லாம் அடிப்படை: இலக்கு உறிஞ்சக்கூடிய அலைநீளத்தில், மிகக் குறுகிய நேரம் ஒளியைப் பாய்ச்சினால் இலக்கு மட்டும் சூடேறும், சுற்றியுள்ள தோல் தப்பும். முடிக்கும் கரும்படலத்துக்கும் அந்த இலக்கு மெலனின், அதாவது தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் பொருள். சிக்கலும் அங்கேதான். நம் மேல்தோல் முழுக்க மெலனின் இருக்கிறது. உள்ளே போக வேண்டிய ஒளியை வழியிலேயே பிடித்துக்கொண்டு சுட்டுக்கொள்ளும்.

தோல் நிறத்தை ஆறாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் (1 மிக வெளுப்பு, 6 மிகக் கறுப்பு) தமிழர் முகங்கள் பெரும்பாலும் 4 முதல் 6 வரை வரும். இந்த நிறங்களுக்கு நீண்ட அலைநீளம்தான் பாதுகாப்பு: 1064 நானோமீட்டர் என்டி:யாக் லேசரை மேல்தோல் மெலனின் குறைவாகப் பிடிக்கும், அது ஆழமாகவும் இறங்கும். 808, 810 டயோடு லேசரை நல்ல குளிர்விப்போடு, அனுபவசாலி கையில் ஏற்கலாம். 755 அலெக்சாண்டிரைட் மாநிறத்துக்கு மேல் கறுத்தவர்களுக்கு வேண்டாம். ஐ.பி.எல். (கிரிக்கெட் இல்லை) லேசரே அல்ல. செனான் விளக்கின் பளிச்சொளி அது; சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரை எல்லாம் கலந்து வரும். ஐந்தாம், ஆறாம் நிறத்துக்கு அதைத் தவிர்ப்பதே சரி. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஐ.பி.எல். கருவி வாங்குமுன் பெட்டியின் பின்பக்க நிறப் பட்டையைப் பாருங்கள். கடைசிக் கறுப்புக் கட்டங்களின்மேல் பெருக்கல் குறி போட்டிருக்கும். உங்கள் கன்னம் அந்தக் கட்டத்தில் வந்தால் தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

மங்குக்கு லேசர்: அநேகமாக வேண்டாம்

அதிகம் விற்பதும் அதிகம் ஏமாற்றமளிப்பதும் இதுதான். 'லேசர் டோனிங்' என்ற பெயரில் குறைந்த சக்தியில் 1064-ஐ வாரத்துக்கு ஒருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்று தொடர்வார்கள். நாலைந்து சிட்டிங்கில் முகம் தெளியும். நிறுத்திய சில மாதங்களில் திரும்ப வரும். காரணம் எளிது: நிறத்தை உடைக்கிறார்களே தவிர, நிறத்தைச் சுரக்கும் செல்லின் கோபம் அடங்கவில்லை. வெயில், ஹார்மோன், அடுப்பு வெக்கை மூன்றும் அதைத் தூண்டிக்கொண்டேதான் இருக்கும். டோனிங்கை மேலும் மேலும் இழுத்தால் அரிசி தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் விழும் ஆபத்தும் உண்டு. ஒரு புள்ளி தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். அது கறுப்பைவிடப் பிடிவாதமானது.

மங்குக்கு வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நிறம் கலந்த, இரும்பு ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல். சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் புற ஊதாவைத்தான் தடுக்கும். கறுத்த தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதைத் தடுப்பது அந்த நிறம்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் கோடு போட்டு எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். கடுகளவு எடுத்துத் தேய்த்தால் அட்டையில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அடுத்து மருத்துவர் எழுதும் கிரீம். ஸ்டீராய்டு கலந்த மூன்று மருந்து கிரீமை அவர் சொன்ன வாரங்களுக்கு மேல் நீங்களாக மருந்துக் கடையில் வாங்கித் தொடராதீர்கள். தோல் மெலிந்து சிவந்து முடி முளைத்துவிடும். இதையெல்லாம் மூன்று, நான்கு மாதம் ஒழுங்காகச் செய்த பிறகும் மிச்சமிருந்தால்தான் லேசர் பேச்சு. கர்ப்பத்தில் வந்த மங்கு பிரசவத்துக்குப் பின் தானே குறைவது உண்டு, பொறுத்துப் பாருங்கள்.

பணத்துக்கு ஈடாவது: தாடை முடி

தடித்த கறுப்பு முடிக்கு லேசர் நிஜமாகவே வேலை செய்கிறது. வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும் முடியை மட்டுமே அழிக்க முடியும் என்பதால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒன்றாக 6 முதல் 8 சிட்டிங் ஆகும். நரைத்த முடிக்குப் பலன் இல்லை. கன்னத்துப் பூனை முடிமேல் வைக்க விடாதீர்கள்: முகத்தில், அதிலும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கு, அது மெலிவதற்குப் பதில் தடித்துப் பெருகுவது உண்டு. அதற்குத் திரெட்டிங் போதும். மாதவிலக்கு தள்ளிப்போகிறது, பருவும் உண்டு என்றால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) பரிசோதனையை முன்னால் முடியுங்கள். இல்லாவிட்டால் ஒருபக்கம் எரிக்க எரிக்க மறுபக்கம் முளைக்கும்.

எல்.இ.டி. மாஸ்க்

சின்னச் சின்ன விளக்குகள் பதித்து முகத்தில் மாட்டிக்கொள்ளும் முகமூடி இது. சுடாது, எரியாது, அதனாலேயே பலனும் மெல்லியது. சிவப்பு (630 முதல் 660 நானோமீட்டர்), அகச்சிவப்பு (830 அளவில்), நீலம் (415 அளவில்) மூன்றுக்கும்தான் சொல்லும்படியான ஆதாரம் உண்டு. 'ஏழு நிறம்' என்பது விலைக்கான அலங்காரம். நீலம் பருக் கிருமிக்குள் இருக்கும் போர்ஃபிரின் என்ற பொருளைத் தூண்டி அதைக் கொல்லும். சாதாரணப் பருவுக்கு ஓரளவு கேட்கும். மங்கு உள்ளவர்கள் நீலத்தைத் தொடவே வேண்டாம், அது நிறத்தைக் கூட்டும். சிவப்பு மெல்லிய சுருக்கத்துக்குக் கொஞ்சம் உதவும், கரும்படலத்தை எடுக்காது.

வாங்குமுன் ஒரு கணக்கு. பெட்டியில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்று எழுதியிருக்க வேண்டும். 30 மில்லிவாட், 10 நிமிடம் என்றால் 30 × 600 வினாடி = 18,000 மில்லிஜூல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 18 ஜூல். ஒரு தடவையில் தோலில் விழும் ஒளியின் அளவு அது. அலைநீளமும் இந்த எண்ணும் போடாமல் விளக்கு எண்ணிக்கையை மட்டும் பெருமையடிக்கும் மாஸ்க்கை ஒதுக்குங்கள். வாரம் 3 முதல் 5 நாள், 8 முதல் 12 வாரம் விடாமல் போட முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாஸ்க்குகள் ஒரு மாதத்தில் பீரோவுக்குள் போய்விடுகின்றன. கண்ணை மூடும் தடுப்பு அவசியம். சிலவகைக் கண் நோய் உள்ளவர்களுக்கும், ஒளிக்கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்களுக்கும் கண் பாதிக்கலாம் என்று சொல்லித்தான் 2019-ல் நியூட்ரோஜினா தன் ஒளி மாஸ்க்கைத் திரும்பப் பெற்றது. டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையில் இருந்தாலோ லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் எந்த ஒளியும் வேண்டாம்.

கிளினிக்கில்

மெஷினின் அலைநீளம் என்ன, யார் கையாளப்போகிறார், அவருடைய கவுன்சில் பதிவு எண் என்ன: மூன்றையும் நேராகக் கேளுங்கள். பதிவு எண்ணை மாநில மருத்துவக் கவுன்சில் தளத்தில் சரிபார்க்கலாம். முன்-பின் படங்களில் மூக்கு நுனி மினுமினுப்பைப் பாருங்கள். இரண்டிலும் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து விழவில்லை என்றால் அந்தப் படம் எதையும் நிரூபிக்காது. உங்கள் படத்தையும் நீங்களே எடுங்கள்: அதே ஜன்னல், அதே நேரம், ஃபிளாஷ் இல்லாமல், போனின் பியூட்டி மோடை அணைத்துவிட்டு.

காதுக்கு முன்னால் ஒரு நாணய அளவு இடத்தில் சோதனை வைத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருங்கள். கறுப்பு உடனே வராது, சிவப்பு போன பிறகுதான் மெல்ல ஏறும். மறுநாளே 'ஒன்றும் ஆகவில்லையே' என்று முழு முகத்தைக் கொடுப்பதுதான் தவறு. எட்டு சிட்டிங்குக்கும் சேர்த்து முன்பணம், மாதத் தவணை என்றால் மறுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். ஒரு சிட்டிங் 4,000 ரூபாய் என்று வையுங்கள். தாடை முடிக்கு 8 தடவை, 32,000. பிறகு வருடத்துக்கு இரண்டோ மூன்றோ. மங்குக்கு அந்த முடிவு எண்ணே கிடையாது.

கல்யாணத்துக்கு மூன்று மாதத்துக்குள் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். வெயிலில் கறுத்த நேரத்திலும் வேண்டாம். முடிக்கு என்றால் நான்கு வாரம் முன்பிருந்து வேக்சிங், திரெட்டிங் நிறுத்தி, ஷேவ் மட்டும் செய்யுங்கள். வேர் இருந்தால்தான் லேசருக்கு இலக்கு இருக்கும். அன்று பொட்டு, மை, பவுடர் எல்லாம் சுத்தமாகத் துடைத்திருக்க வேண்டும். தோல்மேல் ஒட்டிய நிறமும் ஒளியைப் பிடித்துச் சுடும். பச்சை குத்திய இடத்துக்கு மேல் வைக்கவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியில் அலைநீள எண்கள் அச்சிட்டிருக்கும். மெஷினின் எண் அதற்குள் வருகிறதா பாருங்கள்.

முடி வேரைச் சுற்றி லேசான வீக்கமும் சிவப்பும் வந்து சில மணி நேரத்தில் அடங்குவது இயல்பு. தோல் சாம்பல் நிறமாகவோ வெளிறியோ போனால், வலி ஏறிக்கொண்டே போனால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மெஷின் முனையின் வடிவத்திலேயே கட்டம் கட்டமாகக் கறுப்பு விழுவது அளவு கூடிப்போன அடையாளம். குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் குளிர்வியுங்கள், ஐஸை நேராக வைக்காதீர்கள், டூத்பேஸ்ட் தடவாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு அன்றே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பொருக்கு கட்டினால் அது தானாக உதிரும்வரை நகம் படக்கூடாது.